பதினோரு அறைகள், ஒரே லாவெண்டர்

என் வீட்டுக்காரருக்கு ஊர் வைத்த பேர் கண்ணளவு. சொந்தப் பேரைச் சொல்லி விசாரித்தால் எங்கள் தெருவிலேயே வழி சொல்ல ஆள் கிடைக்காது. பெயிண்டர் கண்ணளவு என்றால் கையைப் பிடித்துக் கூட்டிவந்து வாசலில் விட்டுவிட்டுப் போவார்கள். முப்பத்தொரு வருஷமாகச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறார். அதில் இருபத்திரண்டு வருஷம் நானும் கூடவே இருந்திருக்கிறேன். சுவரின் குழியை அடைக்கப் பட்டி பார்ப்பது, உப்புத்தாள் தேய்ப்பது, கலருக்கு முன்னால் வெள்ளை ப்ரைமர் அடிப்பது எல்லாம் என் வேலை. கலர் கலப்பது மட்டும் அவர். வெள்ளைப் பெயிண்டில் ஊற்றிக் கலர் ஏற்றுகிற ஸ்டெய்னர் பாட்டிலை நான் தொட்டால் போதும், மூக்குக்கு மேல் கோபம் வரும். "உன் குழம்புல நான் வந்து உப்புப் போடறேனா?" என்பார். போடுங்களேன், யார் வேண்டாம் என்றது என்று நானும் கேட்பேன்.

அந்தப் பேர் சும்மா வந்ததில்லை. கல்யாணமான புதிதில் ஒரு பெரிய வீட்டில் வேலை. பழைய சுவரில் ஒரு முழம் மட்டும் பெயர்ந்து விழுந்திருந்தது. மிச்சச் சுவரோடு பொருந்துகிற மாதிரி அந்த ஒரு முழத்துக்குக் கலர் வேண்டும். மூன்று பெயிண்டர்கள் வந்து திட்டுத் திட்டாக்கிவிட்டுப் போயிருந்தார்கள். இவர் சுவரின் முன்னால் நின்று, இடது கண்ணை இடுக்கி ஒரே ஒரு தரம் பார்த்தார். கீழே இறங்கிப் போய்க் கலக்கினார். வாளி மூடியில் ஒரு விரல் அடித்து வெயிலில் காயவைத்தார். மேலே வந்து அடித்துவிட்டார். காய்ந்த பிறகு பெயர்ந்த இடம் எது என்று அந்த வீட்டின் சொந்தக்காரரே கையால் தடவித்தான் கண்டுபிடித்தார். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை இப்போது சொன்னால் அவருக்குத் தலை கனத்துப்போகும், அதனால் வீட்டில் சொல்வதில்லை.

ஆனால் அந்தப் பெருமையோடு ஒரு கெட்ட பழக்கமும் ஒட்டிக்கொண்டது. பத்து அறை ஒரே கலர் என்றால் மற்ற பெயிண்டர்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ட்ரம்மில் கலக்கிவைப்பார்கள். அப்போதுதான் அறைக்கு அறை வித்தியாசம் வராது. இவர் அப்படிச் செய்யமாட்டார். ஒவ்வொரு அறைக்கும் தனி வாளி, தனிக் கலவை. பத்துத் தரம் கலக்கினாலும் பத்தும் ஒன்றாக இருக்கும் என்று காட்டுவதில் அவருக்கு ஒரு சந்தோஷம். கலந்த வாளிகளின் மூடிகளை ஜன்னல் திட்டில் வரிசையாக வைத்துவிட்டு, "எது முதல்ல கலந்தது, சொல்லு பாப்போம்" என்று என்னைச் சீண்டுவார். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தரம்கூட என்னால் சொல்ல முடிந்ததில்லை.

போன வருஷம் வீட்டில் ஒரு புதுச் சண்டை ஆரம்பித்தது. பனியன் சண்டை. "என்னடி துவைக்கிற? பனியனெல்லாம் பழுப்பா கிடக்கு. நீலம் போடறதே இல்லையா?" போட்டேன். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் கூடப் போட்டேன். எனக்கு அந்தப் பனியன் வானம் மாதிரி தெரிகிறது, அவருக்குப் பழுப்பாம். வேண்டுமென்றே வம்புக்கு இழுக்கிறார் என்று நானும் இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். பல்புகளைத் திட்டினார். இப்போது வருகிற பல்பெல்லாம் மங்கல், கம்பெனிக்காரன் ஏமாற்றுகிறான் என்றார். அந்த ஒரு வருஷத்தில் நாங்கள் அடித்த வீடுகள் எல்லாமே க்ரீம், பிஸ்கட், இளமஞ்சள். நீலம் கேட்டு வந்தவர்களையும் பேசிப் பேசி க்ரீமுக்கு மாற்றிவிட்டார். வயதாகிறது, ரசனை மாறுகிறது என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தியை எதால் அடிப்பது?

அப்போதுதான் விடுதி வேலை வந்தது. வேலைக்குப் போகிற பெண்கள் தங்குவதற்காகப் புதிதாக மாற்றிக் கட்டிய இரண்டு மாடி வீடு. பதினோரு அறை. நடத்தப்போகிற அம்மா உயரமாக, கையில் எப்போதும் சாவிக்கொத்தோடு இருப்பார். நின்று பேசமாட்டார், நடந்துகொண்டேதான் பேசுவார். பதினோரு அறைக்கும் திரைச்சீலை முன்பே தைத்து வந்துவிட்டது. மெல்லிய லாவெண்டர் நிறம். கத்தரிப்பூவைப் பாலில் நனைத்த மாதிரி அவ்வளவு இளசு. சுவரும் அதே நிறம் வேண்டும் என்றார். கடை அட்டையில் இருந்த மூன்று லாவெண்டரும் அவருக்குப் பிடிக்கவில்லை.

"நாள் முழுக்க வேலை பாத்துட்டு வர்ற பொண்ணுங்க. கதவத் திறந்ததும் மனசு அடங்கணும். கண்ணுக்குள்ள போய்க் குத்துற கலர் வேண்டாம்" என்று சொல்லி, திரைச்சீலையில் மிச்சமான ஒரு சாண் துணியை இவர் கையில் கொடுத்தார்.

என் வீட்டுக்காரர் துணியை வாங்கி ஜன்னல் பக்கம் போனார். ஒரு தரம் பார்ப்பவர் மூன்று தரம் பார்த்தார். "அம்மா, இது சீக்கிரம் வெளிறிப்போற கலரு. க்ரீம் அடிச்சிடலாமே? அறையும் பெருசாத் தெரியும்" என்றார்.

"திரைச்சீலைய நான் என்ன செய்யறது, கட்டிக்கவா?" என்றார் அந்த அம்மா. "உங்களால முடியும்னுதான் ஊர்ல சொன்னாங்க. முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. ஒண்ணாந்தேதி பொண்ணுங்க பெட்டியோட வந்து நிப்பாங்க."

முடியாது என்ற சொல் இவர் அகராதியில் ஏது? "கண்ணளவுகிட்ட முடியாதான்னு கேக்கறீங்களேம்மா" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஏதோ குறைந்தது எனக்குத் தெரிந்தது. அது என்ன என்றுதான் தெரியவில்லை.

முதல் அறையை முடித்தோம். மறுநாள் இரண்டாவது அறை. இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு உண்டு. இரண்டாவது கோட்டும் காய்ந்த பிறகு, தரையைத் துடைப்பதற்காக வாளியோடு வந்த நான் அந்தக் கதவு நிலையில் நின்றேன். இடது கைப்பக்கம் ஒரு சுவர், வலது கைப்பக்கம் ஒரு சுவர். இடது பக்கம் வெளிறிப்போன லாவெண்டர். வலது பக்கம் நீலம். பச்சைக்குழந்தைகூடச் சொல்லிவிடும், அவ்வளவு வித்தியாசம்.

அவர் ஏணி மேல் நின்று கூரை ஓரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார். "எப்படி இருக்கு? அச்சடிச்ச மாதிரி ஒண்ணா இருக்குல்ல?" என்று மேலிருந்து கேட்டார். கேலிக்குக் கேட்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, நிஜமாகவே கேட்கிறார். பனியன், பல்பு, க்ரீம் வீடுகள் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்து என் முன்னால் நின்றன.

"நல்லா இருக்குங்க" என்றேன். கட்டினவரிடம் நான் சொன்ன பொய்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், அதில் இதுதான் பெரியது.

ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். ஏணியின் மேல் நிற்கிறவரிடம் உனக்குக் கண் போய்விட்டது என்று எப்படிச் சொல்வது? ஊர் அவருக்கு வைத்த பேரே கண். அது போனால் பேரும் போகும், அதே பேரை வைத்தே ஊர் சிரிக்கும். எனக்குப் பயமாக இருந்தது. கூடவே கோபமும் வந்தது. தனக்கே தெரிந்திருந்தும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், ஒரு வருஷமாக என்னோடு பனியனுக்குச் சண்டை போட்டிருக்கிறாரே!

அன்று முதல் நான் திருடியானேன். அவர் கலந்து வைத்துவிட்டுக் கீழே டீ குடிக்கப் போவார், அரை மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் அவர் கலந்த வாளியைத் திறந்து, மூடியில் விரலால் அடித்து, ஃபேனுக்கு முன்னால் காயவைத்து, துணியைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். நீலம் ஓடியிருந்தால் வெள்ளையும் துளி சிவப்பும் சேர்ப்பேன். வெளிறியிருந்தால் வயலெட் ஊற்றுவேன். அவரைப் போலக் கண்ணால் ஊற்ற எனக்கு வராது. வீட்டிலிருந்து ஒரு சின்னக் கரண்டி கொண்டுபோய் எண்ணி எண்ணி ஊற்றினேன். மூன்றாவது அறை சரியாக வந்தது. நான்காவதும் வந்தது. அவற்றைப் பார்த்தபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் திமிரும் வந்தது. இதற்கா இத்தனை வருஷம் பாட்டிலைத் தொடவிடாமல் வைத்திருந்தார்!

ஐந்தாவது அறைக்கு ஊற்றிக்கொண்டிருந்தபோது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அன்றைக்குப் பார்த்து டீக்கடை மூடியிருந்ததாம். எட்டுக் கரண்டி வயலெட் என்று கணக்கு வைத்திருந்தேன். ஏழு ஊற்றியிருந்தேனா, எட்டா? சத்தம் கேட்ட திடுக்கில் எண்ணிக்கை தப்பிவிட்டது. ஏழு என்று முடிவு கட்டி இன்னொரு கரண்டி ஊற்றிக் கலக்கிவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உப்புத்தாளை எடுத்துச் சுவரைத் தேய்க்க ஆரம்பித்தேன். முன்பே தேய்த்து வழவழவென்று இருந்த சுவரை மறுபடியும் தேய்த்தேன். அவர் உள்ளே வந்து ஒரு நிமிஷம் நின்றார். வாளியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். ரோலரை எடுத்து அடிக்கத் தொடங்கினார். ஐந்தாவது அறையும் முடிந்தது, யாருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. எனக்கே தெரியவில்லை.

மறுநாள் ஆறாவது அறையில் ப்ரைமர் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன். அன்றைக்கு முதல் தடவையாக விடுதி அம்மா வேலையைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். அதுவே போதாதென்று, பின்னால் என் வீட்டுக்காரர் குரல் கேட்டது.

"வயலெட் பாட்டில யார் தொட்டது?"

நான் திரும்பவில்லை. "ஏன், என்னாச்சு?"

"பாட்டில்ல நகத்தால கீறி வெச்சிருந்தேன், இதுவரைக்கும்தான் ஆகணும்னு. ரெண்டு விரக்கடை கூடக் குறைஞ்சிருக்கு. நேத்து நான் படியேறி வந்தப்ப உன் மூஞ்சி திருட்டு முழி முழிச்சுது. சொல்லு, தொட்டியா இல்லியா?"

"தொட்டேன்."

"எனக்குத் தெரியாம என் கலர்ல கை வெச்சியா? எத்தன ரூமு?"

"மூணு."

குரல் உயர்ந்தால் எனக்குப் பழக்கம், பதிலுக்கு நானும் கத்துவேன். அன்றைக்கு அவர் குரல் இறங்கியது. "இருபத்திரெண்டு வருஷம் கூட இருந்துட்டு, இப்படி முதுகுல குத்திட்டியே" என்றார்.

அந்த வார்த்தையில் எனக்கும் பொறுக்கவில்லை. "குத்தினது நானா நீங்களா?" என்று கேட்டுவிட்டு, ஜன்னல் திட்டிலிருந்து நான்காவது அறையின் மூடியை எடுத்தேன். காய்ந்த லாவெண்டர். கையில் இருந்த ப்ரைமர் டப்பாவின் மூடியில் வெறும் வெள்ளை காய்ந்திருந்தது. இரண்டையும் சேர்த்து அவர் முன்னால் நீட்டினேன். "இதுல ஒண்ணு நீங்க கலந்தது, ஒண்ணு நான் கலந்தது. எது உங்களுதுன்னு சொல்லுங்க. சொல்லிட்டா இனிமே செத்தாலும் பாட்டிலத் தொடமாட்டேன்."

வாங்கினார். ஜன்னலுக்குப் போனார். இடது கண்ணை இடுக்கினார், பிறகு வலது கண்ணை. மூடிகளைத் திருப்பினார், சாய்த்தார், கையை நீட்டி எட்டப் பிடித்தார். கீழே வாசலில் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. சாவிக்கொத்துச் சத்தம் படியேறி வர ஆரம்பித்தது. அவர் இன்னும் பார்த்துக்கொண்டே இருந்தார். போதும் என்று சொல்லி மூடிகளைப் பிடுங்கிக்கொள்ளலாமா என்றிருந்தது. பிடுங்கவில்லை.

கடைசியில் லேசாகச் சிரித்தார். "என்னை ஏமாத்தப் பாக்கறியா? ரெண்டும் ஒரே வாளிதாண்டி."

"ஒண்ணு வெறும் ப்ரைமருங்க. வெள்ளை" என்றேன்.

அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். கோபம் இல்லை, வெட்கம்கூட இல்லை. பெரிய கடைத்தெருவில் அம்மா கையை விட்டுவிட்ட பிள்ளையின் முகம். மூடிகளைத் திட்டில் வைத்தார். அப்படியே கவிழ்த்துப்போட்டிருந்த வாளியின் மேல் உட்கார்ந்தார்.

"ஒரு வருஷமா எல்லாத்து மேலயும் டீத்தண்ணிய ஊத்தின மாதிரி இருக்கு" என்றார். "சொன்னா ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போவ. கண்ணுல கத்தி வெப்பாங்க. தப்பாப் போயிடுச்சுன்னா? மஞ்சளும் க்ரீமும் தெரியுதே, அத வெச்சு ஓட்டிடலாம்னு பாத்தேன்."

ஏதாவது நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். "பனியன் பழுப்புன்னு என்னைத் திட்டினீங்களே" என்பதுதான் வாயில் வந்தது.

அதற்குள் விடுதி அம்மா வாசலில் நின்றார். அவர் எங்களிடம் வரும்போதே முதல் இரண்டு அறைகளையும் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். "என்ன இது? ஒண்ணு நீலமா இருக்கு, ஒண்ணு வேறயா இருக்கு. நான் குடுத்த துணிய நீங்க பாத்தீங்களா இல்லையா?"

நான் வாயைத் திறந்தேன். ப்ரைமர் சரியில்லை, பெயிண்ட் வேறு சரக்கு, ஈரம் காயவில்லை என்று மூன்று காரணம் தயாராக வைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். எழுந்து நின்றார்.

"தப்பு என்னுதும்மா. எனக்குக் கண்ணு சரியில்ல. தெரிஞ்சேதான் ஒத்துக்கிட்டேன். மூணு, நாலு, அஞ்சு ரூமப் பாருங்க, அது இவ கலந்தது. சரியா இருந்தா மிச்சத்தையும் இவளே கலக்கட்டும். முதல் ரெண்டையும் மறுபடி அடிச்சுக் குடுக்கறோம். தேதி தவறாது."

அந்த அம்மா அவரை ஒரு நிமிஷம் முறைத்துப் பார்த்தார். "கண்ணு தெரியாதவர்கிட்டயா கலர் வேலையக் குடுத்தேன்!" என்றார். சுருக்கென்று தைத்தது. நான் பதில் சொல்லியிருப்பேன், அதற்குள் அந்த அம்மா இவரிடமிருந்து துணியைப் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டு மூன்றாவது அறைக்கு நடந்துவிட்டார். மூன்று, நான்கு, ஐந்து. ஒவ்வொரு சுவரிலும் துணியை வைத்து வைத்துப் பார்க்கிறார். சாவிக்கொத்துச் சத்தம் நிற்பதும் நடப்பதுமாகக் கேட்கிறது. நாங்கள் இரண்டு பேரும் தேர்வு எழுதிய பிள்ளைகள் போல நின்றோம். இவர் என் கையைப் பிடித்திருந்தார். எப்போது பிடித்தார் என்று இருவருக்குமே தெரியாது.

திரும்பி வந்த அம்மா துணியை என் வீட்டுக்காரரிடம் நீட்டவில்லை. என்னிடம் நீட்டினார். "ஒண்ணாந்தேதி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மிச்சமிருந்த எட்டு நாளும் நாங்கள் பட்ட பாட்டை நாய்கூடப் படாது. பாட்டில் என் கையில், ரோலர் அவர் கையில். "எத்தன கரண்டி?" என்று கேட்பார், சொல்வேன். "கண்ணளவு போயி இப்ப கரண்டியளவு" என்று தன்னைத் தானே கேலி செய்துகொள்வார். சில நேரம் அந்தக் கேலி பாதியில் நின்றுபோகும். நான் கவனிக்காத மாதிரி கலக்கிக்கொண்டே இருப்பேன். முப்பதாம் தேதி சாயங்காலம் பதினோரு திரைச்சீலையும் தொங்கின. எது துணி, எது சுவர் என்று தெரியாத மாதிரி அறைகள் அமைதியாக இருந்தன. அவரும் எட்டிப் பார்த்து, "நல்லாருக்கு" என்றார். என்னைச் சந்தோஷப்படுத்தச் சொன்னது அது. அவருக்கு அது வெறும் சாம்பல்.

அடுத்த வாரமே ஆஸ்பத்திரி. கண்புரை, நன்றாகப் பழுத்துவிட்டது என்றார்கள். முதலில் ஒரு கண், இரண்டு மாதம் கழித்து இன்னொன்று. அறுவைக்கு உள்ளே போகும்போது கதவருகில் திரும்பி, "தப்பாப் போயிட்டா ஊர்ல சொல்லிடாத" என்றார். ஊர் வேறு, உயிர் வேறு என்று இவருக்கு எப்போதுதான் புரியப்போகிறது? வெளியே நாற்காலியில் உட்கார்ந்து அந்த நேரம் முழுக்கக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். தப்பாகப் போனால் அந்த இரண்டு மூடிகளை நீட்டிய என் கையை நானே மன்னித்திருக்கமாட்டேன்.

முதல் கண்ணின் கட்டைப் பிரித்த மறுநாள் கொடியில் கிடந்த பனியனை எடுத்துப் பார்த்தார். "என்ன இப்படி நீலமா கிடக்கு? இவ்ளோ நீலத்தையா கொட்டுவ?" என்றார். அதற்குச் சண்டை போட்டோம். டாக்டரும் நன்றாகத் தெரிகிறது என்றார். இவரும் அட்டையில் இருந்த எழுத்தையெல்லாம் படித்துக் காட்டினார். எனக்கு மட்டும் மனசு அடங்கவில்லை. எழுத்தும் பனியன் நீலமும் தெரிவது வேறு, இவருக்குத் தெரியவேண்டிய நூலிழை வித்தியாசம் வேறு. வீட்டில் பெயிண்ட் பேச்சை எடுத்தாலே எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். பாட்டில் பை மூலையில் கட்டியபடியே கிடந்தது.

இரண்டாவது கண்ணும் முடிந்து மூன்று வாரத்தில் விடுதியிலிருந்து ஆள் வந்தது. மாடிக் கைப்பிடிக் கம்பிக்கு ஒரு கோட்டு அடிக்கவேண்டுமாம். போனோம். பெண்கள் எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். "வேணும்னா ரூமப் பாத்துட்டு வாங்க" என்று விடுதி அம்மாவே கதவுகளைத் திறந்துவிட்டு, எங்கள் பின்னால் வந்தார்.

என் வீட்டுக்காரர் ஒன்றாவது அறைக்குள் போய் நின்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். இரண்டு, மூன்று, நான்கு. சுவரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை, ஏதோ எட்டத்தில் பார்க்கிற மாதிரி நடந்தார். தெரியவில்லையோ? எழுத்தும் பனியன் நீலமும் மட்டும்தான் திரும்பி வந்தனவோ? ஐந்தாவது அறையில் காலை வைத்தவர் அப்படியே நின்றார். இடது கண்ணை இடுக்கினார். திரும்பி நான்காவது அறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு மறுபடியும் வந்தார்.

"இந்த ரூம்ல எத்தன கரண்டி ஊத்தின?"

"எட்டு."

"எட்டா? நல்லா யோசிச்சுச் சொல்லு. ஒரு கரண்டி கூடியிருக்கு."

"அதெல்லாம் ஒண்ணுமில்லையே, எல்லா ரூமும் ஒரே மாதிரிதான் இருக்கு" என்றார் விடுதி அம்மா, திரைச்சீலையைத் தூக்கிச் சுவரோடு வைத்துப் பார்த்துக்கொண்டே. "எங்க வித்தியாசம்?"

"உங்களுக்குத் தெரியாதும்மா" என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பி விரலை நீட்டி, பழைய அதிகாரத்தோடு, "ஒரு வேலையக் குடுத்தா ஒழுங்கா எண்ணத் தெரியல. இதுக்குத்தான் பாட்டிலத் தொடாதன்னு சொல்றது" என்று சத்தம் போட்டார்.

மூன்றாம் மனுஷி எதிரில் இப்படித் திட்டினால் நான் சும்மா விடுகிறவள் இல்லை. அன்றைக்கு மட்டும் விட்டுவிட்டேன். முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு, அந்த ஒரு கரண்டி கூடிப்போன சுவரில் சாய்ந்து அழுதேன்.

"இப்ப எதுக்கு அழற? ஒரு கரண்டிதான?" என்று பயந்துபோய்க் கேட்டார் அவர்.

"இன்னொரு தரம் திட்டுங்க" என்றேன்.